ஒரே சட்டம், இரண்டு நீதிமன்றங்கள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் குடியுரிமை வழங்கத் தனி அலுவலகம் கிடையாது. உள்ளூர் நீதிமன்றமே அதையும் பார்த்துக்கொண்டது. 1802ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும். குடியாக விரும்புவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு பழைய அரசரைத் துறந்து உறுதிமொழி எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் 1790லேயே விதித்த நிபந்தனை ஒன்று இருந்தது: விண்ணப்பிப்பவர் வெள்ளையராக இருக்க வேண்டும்.

நியூயார்க்கின் ஐரிஷ்காரருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. விக்டோரியா மகாராணியைத் துறப்பதும் அவருக்குக் கசந்திருக்காது! 1868 தேர்தலுக்கு முன் டாமனி ஹால் என்ற அரசியல் அமைப்பின் கட்சிக்காரர்களே விண்ணப்பங்களை அச்சடித்தார்கள், கட்டணம் கட்டினார்கள், சாட்சிக்கும் ஆள் பிடித்தார்கள். நீதிபதி பர்னார்ட் கூட்டங்கூட்டமாக உறுதிமொழி எடுக்க வைத்தார். அந்த ஒரே ஆண்டில் நகரில் 40,000 பேருக்கு மேல் குடியுரிமை பெற்றார்கள். ஐரிஷ்காரர்மேல் வெறுப்பு இல்லாமல் இல்லை. ஐந்தாண்டை இருபத்தொன்றாக்க வேண்டும் என்று 1850களில் ஒரு கட்சியே கிளம்பியது. ஆனால் அந்தக் கோரிக்கை சட்டமாகவில்லை.

சான்பிரான்சிஸ்கோவில் 1878இல் ஆ யுப் என்ற சீனர் மனுப் போட்டார். அவர் எத்தனை ஆண்டு வசித்தார், ஒழுக்கம் எப்படி என்பதில் வழக்கு நிற்கவில்லை. நீதிபதி சாயர் அகராதியைப் புரட்டினார், மனித இனங்களை வகை பிரித்த நூல்களைப் பார்த்தார், 1870இல் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தையும் எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டுதான் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் குடியுரிமை நீட்டிக்கப்பட்டது. நிற நிபந்தனையையே நீக்கச் சொன்ன செனட்டர் சம்னர் தோற்றார். சீனர் வெள்ளையர் அல்லர் என்று சாயர் தீர்ப்பளித்தார். 1882ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா நீதிமன்றங்களுக்கும் அதையே விதியாக்கியது.

அதற்கு முன் நீதிபதிக்கு நீதிபதி நடைமுறை மாறியது. யேல் கல்லூரியில் படித்த யங் விங் என்ற சீனர் 1852இல் கனெக்டிகட்டில் குடியுரிமை பெற்றுவிட்டார். 1898இல் அது செல்லாது என்று அரசு சொல்லிவிட்டது. நாற்பத்தாறு ஆண்டு குடிமகனாக வாழ்ந்தவருக்கு இந்தக் கதி. டாமனியின் அவசரக் காகிதங்களைப் பற்றி விசாரணை நடந்தும், ஐரிஷ்காரர் இனத்துக்கே கதவு அடைபடவில்லை. முறைகேட்டைப் பொறுத்துக்கொண்ட சட்டம் நிறத்தைப் பொறுக்கவில்லை என்பதே என் கணிப்பு.

சீனருக்கு அந்தத் தடை 1943இல் நீங்கியது; இந்தியருக்கு 1946இல்.