அரிய நோய்க்குப் பழைய மாத்திரை: ஜீன் டேட்டா கைகாட்டினால் நம்பிவிடலாமா?

கிட்னி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்காக 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து சிரோலிமஸ். ஈஸ்டர் தீவு மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து கிடைத்த பொருள் இது. புதிதாகப் பொருத்திய கிட்னியை உடல் நிராகரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை.

2015-ல் இதே மருந்துக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. பெரும்பாலும் பெண்களைத் தாக்கி, நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும் எல்ஏஎம் என்ற அரிய நோய்க்கு முதல் மருந்தாக இதை அமெரிக்காவின் எஃப்டிஏ அங்கீகரித்தது.

ஒரு நோய்க்காக வந்த மருந்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்தும் இந்த முறைக்கு 'டிரக் ரீபர்பஸிங்' என்று பெயர். அரிய நோய்களுக்கு நோயாளிகள் குறைவு என்பதால், புது மருந்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. பழைய மருந்து என்றால் டோஸ் எவ்வளவு, பக்கவிளைவு என்ன என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும்.

எல்ஏஎம் விஷயத்தில் ஒரு வசதி இருந்தது. உடலில் எம்டார் என்ற 'சுவிட்ச்' அணையாமல் ஓடுவதுதான் பிரச்னை என்று விஞ்ஞானிகளுக்குத் தெரியும். சிரோலிமஸ் அதை அணைக்கும் என்பதும் தெரியும். பல அரிய நோய்களில் எந்த சுவிட்ச் என்பதே தெரியாது. அதைத் தேடத்தான் 'ஜீன் எக்ஸ்பிரஷன்' டேட்டா.

ஜீன் எக்ஸ்பிரஷன்னா என்ன?

நம் செல்களில் புரதம் தயாரிக்கும் ஜீன்கள் சுமார் 20,000 இருக்கின்றன. எல்லாமே ஒரே நேரத்தில் வேலை செய்யாது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி சில ஜீன்கள் 5-ல் ஓடும், சில 1-ல், சில ஆஃப். எந்த ஜீன் எவ்வளவு ஓடுகிறது என்பதை அது உருவாக்கும் ஆர்என்ஏ அளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

நோயில் ஏறிப்போன ஜீன்களை இறக்கி, இறங்கிப்போனவற்றை ஏற்றும் மருந்து எது என்று தேடுவதுதான் ஐடியா. இதற்காக அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிடியூட் 2006-ல் 'கனெக்டிவிட்டி மேப்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அப்போது அதில் 164 பொருட்கள். 2017-ல் வந்த புதிய பதிப்பில் 13 லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள். இதில் நேரடியாக அளப்பது 978 ஜீன்களைத்தான். மற்றவற்றை கம்ப்யூட்டர் கணித்துச் சொல்கிறது.

அப்போ சிக்கல் எங்கே?

2021-ல் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எளிமையான ஒரு டெஸ்ட் வைத்தார்கள். பழைய பதிப்பில் ஒரு மருந்து பதித்த 'கைரேகையை' எடுத்து, புதிய பதிப்பிடம் கொடுத்து, "இது எந்த மருந்து, கண்டுபிடி" என்றார்கள். அதே மருந்து பட்டியலின் மேல்வரிசையில் வந்திருக்க வேண்டும். வந்தது 17 சதவீதம்தான்.

தன் மருந்தையே அடையாளம் காணாத டேட்டா, முன்பின் தெரியாத நோய்க்கு மருந்து சொன்னால் எப்படி நம்புவது? ஆனால் அதே ஆய்வு ஒரு வழியையும் காட்டியது. ஜீன்களில் மருந்து ஏற்படுத்திய மாற்றம் வலுவாக இருந்த இடங்களில் முடிவும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தது. அந்த வலு, மருந்தின் அளவையும் எந்த வகை செல்லில் சோதித்தார்கள் என்பதையும் பொறுத்தது. ஆக, பலவீனமான கைரேகைகளை முதலிலேயே வடிகட்டிவிட்டால் பாதித் தலைவலி குறையும்.

சாம்பிளிலேயே தப்பு நடக்குமா?

தாராளமாக. ஆர்என்ஏ சீக்கிரம் உடைந்துபோகும் பொருள். ரத்தம் எடுத்த டியூப் சில மணி நேரம் மேஜையில் கிடந்தாலே உள்ளே இருக்கும் செல்களில் ஜீன்களின் அளவு மாறத் தொடங்கும். நோயாளியின் ரத்தம் தூரத்து ஊரிலிருந்து தாமதமாக வந்து, ஆரோக்கியமானவரின் ரத்தம் பக்கத்து அறையிலிருந்து உடனே வந்தால், கிடைக்கும் வித்தியாசம் நோயால் வந்ததா, பயணத்தால் வந்ததா? அதனால்தான் எடுத்தவுடனேயே ஆர்என்ஏவை நிலைநிறுத்தும் டியூப்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆர்என்ஏ எவ்வளவு முழுசாக இருக்கிறது என்பதற்கு 1 முதல் 10 வரை மார்க்கும் உண்டு.

அடுத்தது 'பேட்ச்' பிரச்னை. 2014-ல் வந்த ஓர் ஆய்வு, ஜீன் அளவுகளைப் பார்த்தால் மனித இதயம் எலியின் இதயத்தைவிட மனிதனின் மற்ற உறுப்புகளோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்ற தொனியில் முடிவு சொன்னது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யோவ் கிலாட் அடுத்த ஆண்டு அந்த டேட்டாவைத் தோண்டிப் பார்த்தார். மனித சாம்பிள்களும் எலி சாம்பிள்களும் பெரும்பாலும் தனித்தனி பேட்ச்களில் மெஷினில் ஓடியிருந்தன. அதைக் கணக்கில் எடுத்ததும் உறுப்பு வாரியாகவே சேர்ந்தன.

நோயாளிகளைத் திங்கட்கிழமையும் மற்றவர்களை வெள்ளிக்கிழமையும் சோதிக்கும் லேபிலும் இதே கதைதான். எந்த சாஃப்ட்வேரும் பிறகு அதைப் பிரித்துத் தர முடியாது. இரு தரப்பையும் கலந்து ஓட்டுவது மட்டுமே தீர்வு, அதற்குப் பெரிய செலவும் இல்லை.

எந்த இடத்து சாம்பிள் என்பதும் முக்கியம். தசை நோய்க்குக் காரணமான பல ஜீன்கள் ரத்தத்தில் சரியாகத் தெரியவே தெரியாது. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், டிஎன்ஏ சோதனையில் பிடிபடாத 50 தசை நோயாளிகளின் தசையிலிருந்தே ஆர்என்ஏ எடுத்துப் பார்த்தார்கள். சுமார் மூன்றில் ஒருவருக்கு நோய்க் காரணம் தெரிந்தது.

மூணு பேரை வைத்து முடிவெடுக்கலாமா?

அரிய நோயின் பெரிய சோதனையே இதுதான், ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். 20,000 ஜீன்களைச் சோதித்து 5 சதவீதத் தவறை அனுமதித்தால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாமல் சுமார் 1,000 ஜீன்கள் 'மாறியது போல' தெரியும். இந்தக் குப்பையைக் கழிக்கப் புள்ளியியல் திருத்தங்கள் உண்டு. கழித்தால் உண்மையானவையும் சேர்ந்து போய்விடும் என்பதுதான் சங்கடம். 2016-ல் ஈஸ்ட் செல்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், தரப்புக்கு 3 சாம்பிள் மட்டும் இருந்தால் உண்மையில் மாறிய ஜீன்களில் 20 முதல் 40 சதவீதம்தான் பிடிபட்டது. குறைந்தது 6 வேண்டும் என்றது அந்த ஆய்வு.

ஆறு பேர் கிடைக்கவில்லை என்றால்? பல நாட்டு லேப்களின் டேட்டாவைச் சேர்த்து, எல்லா இடத்திலும் ஒரே திசையில் மாறும் ஜீன்களை மட்டும் எடுக்கலாம். இன்னொரு வழி, நோயாளியின் செல்லை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதில் பழுதான ஜீனை மட்டும் சரிசெய்து பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுவது. அப்போது வயது, உணவு, பரம்பரை எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் அந்த ஒரு ஜீன்.

எக்ஸெல் செய்த வேலை

சிரிப்பாக இருக்கும், ஆனால் நிஜம். 'செப்ட்2' என்று ஒரு ஜீன் உண்டு. எக்ஸெல்லில் டைப் செய்தால் அது செப்டம்பர் 2 ஆகிவிடும். எக்ஸெல்லில் ஜீன் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை இருப்பதை 2016-ல் கண்டுபிடித்தார்கள். கடைசியில் ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள்.

எல்லா டேட்டா குளறுபடியும் இப்படிச் சிரித்துவிட்டுப் போகும் ரகம் இல்லை. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல், ஜீன் எக்ஸ்பிரஷனை வைத்து எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த கீமோ ஒத்துக்கும் எனச் சொல்லலாம் என்றார்கள். கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் சரிபார்த்தபோது, ஜீன் பட்டியல் ஒரு வரிசை கீழே நகர்ந்திருந்தது. மருந்து வேலை செய்யும், செய்யாது என்ற லேபிள்களே சில இடங்களில் தலைகீழாக இருந்தன. அதற்குள் 100-க்கும் மேற்பட்ட நோயாளிகள் சோதனையில் சேர்ந்துவிட்டார்கள். 2010-ல்தான் அது நின்றது. கட்டுரைகள் வாபஸ் ஆயின. 2015-ல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம், இதில் பொய்யான டேட்டாவும் இருந்தது என்று முடிவு சொன்னது. மூல டேட்டாவையும் கணக்கிட்ட கோடையும் வெளியிடச் சொல்லிப் பல இதழ்கள் இப்போது கறாராகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து கிடைச்சாச்சு, அடுத்து?

லேபின் கிண்ணத்தில் ஊற்றும் அளவு மருந்து, மனித ரத்தத்தில் பாதுகாப்பாகச் சேருமா என்று பார்க்க வேண்டும். ஜீன் அளவு மாறினாலும் புரதம் மாறியதா என்று தனியாக அளக்க வேண்டும். அதன் பிறகுதான் நோயாளிகளிடம் சோதனை.

சிரோலிமஸுக்கும் அது நடந்தது. 89 எல்ஏஎம் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை, ஒரு வருடம். மருந்து எடுத்தவர்களின் நுரையீரல் திறன் குறையாமல் நின்றது. மாத்திரையை நிறுத்தியதும் மறுபடி குறையத் தொடங்கியது.