பொதிகை மலையின் மஞ்சள் பாதரட்சை

பொதிகை என்றதும் நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது அகத்தியர், தாமிரபரணி, பாணதீர்த்தம், மூலிகை, இவ்வளவுதான். அந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு பூச்செடி அங்கே இருக்கிறது என்று எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. ஓய்வு பெற்ற பிறகு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் நான் தெரிந்துகொண்டேன்.

அது ஓர் ஆர்க்கிட். பூவின் ஓர் இதழ் சின்னக் குழந்தையின் செருப்பு போலக் குழிந்திருக்கும். அதனால் ஆங்கிலேயர்கள் இந்த வகைக்கு 'லேடீஸ் ஸ்லிப்பர்' என்று பெயர் வைத்தார்கள். தாவரவியலில் இந்தப் பேரினத்தின் பெயர் பாஃபியோபெடிலம். கிரேக்கர்களின் காதல் தேவதையின் பாதரட்சை என்று பொருள். தேனுக்காக வைத்த கிண்ணம் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு பொறி. உள்ளே வழுக்கி விழும் பூச்சி பின்பக்கத்துச் சந்து வழியாகத்தான் வெளியேற முடியும். போகிற போக்கில் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு போகும்.

வடகிழக்கு இந்தியா, பர்மா, தென்சீனா, வியட்நாம், போர்னியோ என்று தொடங்கி நியூகினி, சாலமன் தீவுகள் வரை இந்த இனங்கள் பரவியிருக்கின்றன. மேகாலயாவிலும் அருணாசலத்திலும் உண்டு. அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே வந்தால், நடுவில் எங்கும் இல்லாமல், அகத்தியமலைத் தொடரில் மட்டும் ஒரே ஓர் இனம் தனியாக நிற்கிறது. அதுதான் பாஃபியோபெடிலம் ட்ரூரியி. மஞ்சள் பூ, நடுவே கருஞ்சிவப்புக் கோடு. பெரும்பாலான உறவினங்கள் நிழல் தேடும். இதுவோ சுமார் 5,000 அடி உயரத்தில், பாறையும் புல்லுமான வெட்டவெளிச் சரிவில் வெயில் காய்கிறது.

1865-இல் திருவிதாங்கூர் பக்கத்து மலையில் இதைக் கண்டவர் கர்னல் ஹீபர் ட்ரூரி. இந்தியாவின் பயன்தரும் தாவரங்கள் பற்றி 1858-லேயே புத்தகம் எழுதியவர். 1874-இல் இதற்கு அவர் பெயரையே சூட்டினார் சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம். அப்போது சீமையில் ஆர்க்கிட் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. அஸ்ஸாம் பக்கத்திலிருந்து போய் 1857-இல் இங்கிலாந்தில் பூத்த இன்னோர் இனம் பிறகு கிடைக்காமல் போகவே, கண்டுபிடிப்பவருக்கு 1,000 பவுன் பரிசு என்று ஒரு வியாபாரி அறிவித்தார். 1905-இல்தான் அது மறுபடி கிடைத்தது. அப்படிப்பட்ட சந்தைக்கு நம் மலைச்செடியும் போனது. கூடை கூடையாகப் பிடுங்கினால் சின்னஞ்சிறு சரிவு எத்தனை நாள் தாங்கும்? காட்டுத்தீயும் சேர்ந்துகொண்டது. அடியோடு அழிந்துவிட்டது என்றே பலர் நினைத்திருக்க, 1970-களின் தொடக்கத்தில் மீண்டும் கண்ணில் பட்டது.

1991-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதன்முறையாக ஆறு செடி வகைகளைச் சேர்த்தார்கள். அதில் இந்தப் பாதரட்சைச் செடிகளும் ஒன்று. பாலோடு தாவரவியல் பூங்காவில் திசு வளர்ப்பு முறையில் இதன் நாற்றுகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் காட்டில் மிஞ்சியிருப்பது கொஞ்சமே.

மூலிகை என்றால் மதிப்போம், பூசைக்கான பூ என்றால் மதிப்போம். இது இரண்டும் இல்லை. மருந்துக்கும் உதவாது, மாலைக்கும் ஆகாது. இருந்தாலும் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு, அந்த மலையின் மேல் இப்படி ஒன்று இருக்கிறது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளிடம் பொதிகையைப் பற்றிப் பேசும்போது அகத்தியரோடு இந்தப் பூவையும் சேர்த்துச் சொல்லுங்கள். மலையேறிப் போகிறவர்கள் கண்டால் பார்த்துவிட்டு வந்தால் போதும், பறிக்க வேண்டாம்.