உடலில் குழாய் உள்ளவர்கள் குளிப்பதும் உளூ செய்வதும்



பக்கவாதம், புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு போன்ற நோய்களால் உடலில் ஒரு குழாயோடு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். "நனைக்கக் கூடாது" என்கிறார் டாக்டர். குளிப்போ கடமையாகி விட்டது. தொழுகை நேரமும் நெருங்குகிறது. இந்த இக்கட்டில் சிலர் பயந்துபோய்த் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் பேணுதல் என்று எண்ணித் தலையோடு தண்ணீர் ஊற்றி ஆபத்தை வரவழைக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

எந்தக் குழாய் என்று முதலில் அறிந்து கொள்ளுங்கள்

குழாய் வயிற்றுக்குப் போகிறதா, இரத்தத்துக்குப் போகிறதா? எல்லாம் இதைப் பொறுத்தே அமைகிறது. வயிற்றுக்குள் நாம் தினமும் தண்ணீர் குடிக்கிறோம். எனவே உணவுக் குழாயில் நீர் படுவது பெரும்பாலும் தோல் புண்ணைப் பற்றிய கவலைதான். ஆனால் பிக் லைன், ஹிக்மேன் லைன், டயாலிசிஸ் கதீட்டர் ஆகியவற்றின் நுனி இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய இரத்தக் குழாயில் இருக்கும். அதன் வழியே கிருமி புகுந்தால் நேராக இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

வயிற்றில் பொருத்திய உணவுக் குழாய் (பெக் டியூப்)

புதிதாகப் பொருத்திய முதல் சில நாட்கள் ஈரத் துணியால் உடலைத் துடைப்பதே நல்லது. டாக்டர் அனுமதித்த பிறகு குளிக்கலாம். குளிக்கும் முன் மூடியும் கிளிப்பும் இறுக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். துளையைச் சுற்றி மென்மையான சோப்பால் கழுவி, நன்றாக ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் தேங்கினால் தோல் புண்ணாகும்.

துளை முழுமையாக ஆறுவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டிக் குளியலும் நீச்சலும் வேண்டாம். ஆறிய பின் டாக்டர் சம்மதித்தால், குளோரின் போட்டுப் பராமரிக்கும் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் நீந்தலாம். உணவு செலுத்தியவுடன் இறக்காதீர்கள். நீளமான குழாயாக இருந்தால் இழுபடாதபடி உடலோடு ஒட்டி வையுங்கள். நீந்தி முடித்ததும் கழுவி உலர்த்துங்கள். ஊர்க் குளம், ஆறு, அசுத்தமான கடலோரம் ஆகியவற்றைத் தவிருங்கள். அருவி நீரின் வேகம் குழாயைப் பிடுங்கிவிடலாம்.

குழாய் வெளியே வந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே துளை சுருங்கத் தொடங்கும். நீங்களே செருகி உணவு செலுத்த வேண்டாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மூக்கு வழி உணவுக் குழாய் (ரைல்ஸ் டியூப்)

குளிக்கலாம். நனைந்த டேப்பை மாற்றி, மூக்கருகே உள்ள அளவுக் குறி இடம் மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே உணவு கொடுக்க வேண்டும். குறி நகர்ந்திருந்தால், குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று நர்ஸிடம் சோதிக்காமல் எதையும் செலுத்தாதீர்கள்.

விழுங்க முடியாத நோயாளியை வாய் கொப்பளிக்க வைக்காதீர்கள். தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். பிழிந்த ஈரத் துணியால் வாயைத் துடைத்தால் போதும்.

இரத்தக் குழாயில் உள்ள லைன்கள்

இவற்றோடு நீச்சல் கூடாது, தொட்டியில் மூழ்கவும் கூடாது. பிக் லைன், ஹிக்மேன் லைன் உள்ளவர்கள் டாக்டர் அனுமதித்தால், கட்டையும் குழாயின் வெளி முனையையும் நீர் புகாத உறையால் முழுக்க மூடிக்கொண்டு குளிக்கலாம். டயாலிசிஸ் கதீட்டர் கழுத்திலோ மார்பிலோ இருப்பதால் அதன்மீது தண்ணீர் ஊற்றவே வேண்டாம். ஸ்டூலில் உட்காரவைத்து, இடுப்புக்குக் கீழே குவளையால் ஊற்றி, மேலே ஈரத் துணியால் துடைக்கலாம். தலையைப் பின்னால் சாய்த்துத் தனியாகக் கழுவலாம்.

ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங்கை 7 நாட்களுக்கு ஒருமுறையும், பஞ்சுத் துணிக் கட்டை 2 நாட்களுக்கு ஒருமுறையும் மாற்றுவது பொதுவான மருத்துவ நடைமுறை. நனைந்தாலோ விளிம்பு பெயர்ந்தாலோ நாள் பார்க்காமல் உடனே மாற்ற வேண்டும்.

தோலுக்கு அடியில் பதித்த கீமோ போர்ட் ஆறியபின், ஊசி குத்தாத நாட்களில் வழக்கம்போல் குளிக்கலாம். டாக்டர் சம்மதித்தால் நீந்தவும் செய்யலாம். ஊசி இருக்கும்போது நனையக் கூடாது.

குளிரோடு காய்ச்சல், லைன் இருக்கும் இடத்தில் சிவப்பு, வீக்கம், சீழ் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்.

மார்க்கம் தரும் சலுகை

உளூவில் கழுவுவதும் மஸ்ஹு செய்வதும் முகம், முழங்கை வரை கைகள், தலை, கால்கள் ஆகியவையே. பெக் டியூப் வயிற்றிலும், ஹிக்மேனும் போர்ட்டும் மார்பிலும், பிக் லைன் பெரும்பாலும் முழங்கைக்கு மேலும் இருக்கும். ஆகவே இவர்கள் வழக்கம்போல் உளூ செய்யலாம். மூக்கில் டேப் ஒட்டியவருக்கும், கையில் ஊசி உள்ளவருக்கும் மட்டுமே கட்டின் சட்டம் வரும்.

கட்டு உள்ள இடத்தில், கழுவ முடிந்த பகுதியைக் கழுவி, கட்டின்மீது ஈரக் கையால் மஸ்ஹு செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் இதுவே போதுமானது. ஷாஃபிஈ மத்ஹபில் இதனுடன் தயம்மும் சேர்த்துச் செய்ய வேண்டும். கடமையான குளிப்பிலும் அடிப்படை இதுவே. தண்ணீரே உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னால் குளிப்புக்குப் பதிலாகத் தயம்மும் செய்து தொழலாம். நோயாளிக்கான இந்தச் சலுகை 4:43, 5:6 ஆகிய வசனங்களில் உள்ளது.

குளிப்பில் வாய் கொப்பளிப்பதும் மூக்குக்கு நீர் செலுத்துவதும் ஹனஃபி மத்ஹபில் ஃபர்ளு, ஷாஃபிஈயில் சுன்னத். ஃபர்ளாக இருந்தாலும், தீங்கு வரும் இடத்தில் அது நோயாளி மீது கடமையில்லை.

தயம்மும் செய்த கையால் லைனைத் தொடும் முன் சோப்பால் கை கழுவுங்கள். அதனால் நோயாளியின் தயம்மும் முறியாது.

தலையில் காயம்பட்ட ஒருவரைக் குளித்தே ஆக வேண்டும் என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் அப்படித் தீர்ப்புச் சொன்னவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். இந்நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நோயாளியிடம் "கொஞ்சம் நனைந்தால் என்ன?" என்று சொல்வதற்கு முன் இதை நினைத்துக் கொள்வோம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: இது எந்தக் குழாய்? எப்போதிலிருந்து நனையலாம்? கழன்றால் எங்கே வர வேண்டும்? அந்தச் சீட்டை உங்கள் பள்ளி இமாமிடம் காட்டினால், உங்கள் மத்ஹபின்படி தொழுகைக்கான வழியைச் சொல்வார். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.