முயலகனும் மொன்றியலும்: வலிப்பு நோயின் வரலாறு

நடராஜப் பெருமானின் ஊன்றிய திருவடியின் கீழ்க் கிடக்கும் குறளுருவை நாம் எல்லோரும் கண்டு வணங்கியிருக்கிறோம். தமிழில் அதற்கு முயலகன் என்று பெயர், வடமொழியில் அபஸ்மாரன். ஆணவ மலத்தின் வடிவம் என்று சைவப் பெரியோர் பொருள் கூறுவர். இவ்விரு பெயர்களும் ஒரு நோயின் பெயர்களுமாகும் என்பதை அறிந்தோர் சிலரே. பழைய ஆயுள்வேத நூலாகிய சரக சம்ஹிதை வலிப்பு நோயை அபஸ்மாரம் என்று அழைக்கிறது. நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் அந்நோயே முயலகன் எனப்பட்டது.

7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தரின் வரலாற்றிலும் இந்நோய் வருகிறது. திருச்சிராப்பள்ளிக்கு அண்மையில், கொள்ளிடத்தின் வடகரையில், திருப்பாச்சிலாச்சிராமம் என்னும் தலம் உள்ளது. இன்று அதனைத் திருவாசி என்பர். அப்பகுதித் தலைவனான கொல்லிமழவனின் மகள் முயலகன் என்னும் நோயால் வருந்தினாள். தகப்பன் அவளைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சந்நிதியிலே கிடத்தினான். அங்கு வந்த சம்பந்தர், உணர்விழந்து கிடந்த பெண்ணைக் கண்டு இரங்கி, என்ன நேர்ந்தது என்று கேட்டார், பதிகம் பாடினார், அவள் எழுந்தாள் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஒரு நாட்டின் தலைவன் தன் மகளின் நோயை அரண்மனைக்குள் மறைக்கவில்லை என்பதை அன்பர்கள் மனதிற் கொள்ள வேண்டுகிறேன்.

மேல்நாட்டிலும் இந்நோய் தெய்வக் குற்றமென்றே கருதப்பட்டது. கிறிஸ்துவுக்கு முன் 400ஆம் ஆண்டளவில், ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் ஒரு நூல் அதனை மறுத்தது. மற்ற நோய்களைவிட இது தெய்வீகமானதன்று, மூளையிலிருந்தே பிறக்கிறது என்று அந்நூல் வாதிட்டது. எனினும், மூளையின் சாம்பல்நிறப் பகுதியில் திடீரென எழும் மிகையான வெளிப்பாடே வலிப்பு என்று ஆங்கில வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் 1873இல் வரையறுக்கும்வரை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1912இல் பீனோபார்பிட்டோன், 1938இல் பெனிற்றோயின் ஆகிய மருந்துகள் பயனுக்கு வந்தன. மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் முறையை ஜெர்மனியின் ஹான்ஸ் பேர்கர் 1929இல் வெளியிட்டார். இன்று ஈ.ஈ.ஜி. என்று நாம் அறிந்த பரிசோதனை அதுவே.

அடுத்த படி நாம் குடியேறிய இந்நாட்டிலேயே எடுத்துவைக்கப்பட்டது. டாக்டர் வைல்டர் பென்பீல்ட் 1934இல் மொன்றியல் நரம்பியல் நிலையத்தை நிறுவினார். மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அங்கு சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள், நோயாளி விழித்திருப்பார். மூளைக்கு வலியுணர்வு இல்லை. மெல்லிய மின்னோட்டத்தால் மூளையின் மேற்பரப்பைத் தொட்டு, பேச்சுக்குரிய இடம் எது, கையசைவுக்குரிய இடம் எது என்று நோயாளியின் வாயாலேயே கேட்டறிந்தபின், வலிப்பு தொடங்கும் பகுதியை மட்டும் அகற்றுவார்கள்.

இந்த வித்தை தமிழ்நாட்டுக்கும் விரைவிலேயே சென்றது. கேரளத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, மொன்றியலில் பென்பீல்டிடம் பயிற்சி பெற்றார். 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதலாவது நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். 1952இல் அங்கு வலிப்புக்கான சத்திரசிகிச்சையும் நடைபெற்றது. 1950இல் டாக்டர் பா. ராமமூர்த்தி சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் இத்துறையை ஆரம்பித்தார்.

வைத்தியம் வளர்ந்த வேகத்தில் சமூகம் வளரவில்லை. இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாக்கிற்று. அச்சொல் நீக்கப்பட்டது 1999இல்தான். சட்டம் நீக்கியதைச் சம்பந்தம் பேசுவோர் இன்னும் நீக்கவில்லை. பிள்ளைக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் கலியாணம் நடவாது என்று அஞ்சி வைத்தியரிடமே மறைக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. இதனால் இழக்கப்படுபவை பிள்ளையின் ஆண்டுகள். முறையாக நோய் அறிந்து மருந்து எடுத்தால் நூறு பேரில் எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மற்றவர்களின் நிலை என்ன? தகுந்த இரு மருந்துகளைச் சரியாக எடுத்தும் வலிப்பு நிற்கவில்லையெனில் அதனை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறோம். மூன்றாவது, நான்காவது குளிசையென ஆண்டுகளைக் கடத்தாமல், வலிப்பு நோய் நிலையமொன்றுக்கு அனுப்புமாறு உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. பெரியவர்களுக்கு ரொறன்ரோ வெஸ்ரேர்ண் வைத்தியசாலையிலும் பிள்ளைகளுக்கு சிக் கிட்ஸ் வைத்தியசாலையிலும் இவ்வசதி உண்டு. வெக்ஸ்போர்ட்டிலிருந்து பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் போய்வரக்கூடிய தூரமே. வலிப்பு வரும்போது எடுத்த கைத்தொலைபேசி வீடியோ ஒன்றையும், வலிப்பு வந்த நாட்களின் குறிப்பையும் கொண்டு செல்லுங்கள். எந்தப் பரிசோதனையும் சொல்லாததை அவை சில வேளைகளில் சொல்லும்.

கோயிலுக்கு வரும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். கந்தசஷ்டி விரதத்திலும் வலிப்புக் குளிசையை நிறுத்தலாகாது. திடீரென நிறுத்துவது ஆபத்து. நித்திரை முறிவும் வலிப்பைத் தூண்டும். ஆகவே சிவராத்திரியில் கண்விழிக்கும் முன் வைத்தியரைக் கேளுங்கள். மண்டபத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் தலைக்குக் கீழே சால்வையொன்றை மடித்து வைத்து, ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம்; வாயில் கரண்டி வேண்டாம்; கையில் இரும்புத் திறப்பும் வேண்டாம். நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், அல்லது இதுவே முதல் தடவையென்றால், 911ஐ அழையுங்கள்.

நினைவு தெளிந்து எழுபவர் முதலில் காண்பது சுற்றி நிற்கும் நமது முகங்களைத்தான். அம்முகங்களில் அருவருப்பு இல்லாதிருக்கட்டும். சம்பந்தர் அன்று அப்பெண்ணை இரக்கத்தோடு நோக்கியவாறே நாமும் நோக்குவோமாக.