வட்டுக்கோட்டை ஆலயமும் நாமும்

உடுவிலில் படித்த எங்களிற் பலருக்கு வட்டுக்கோட்டை அந்நியமான ஊர் அன்று. பூட்டன் அங்கே செமினரியில் படித்திருப்பார். பூட்டி உடுவில் விடுதியில் வளர்ந்திருப்பார். ஆகவே அங்குள்ள பழைய தேவாலயத்தின் வரலாறு எம்முடையதுமாகும்.

1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயரின் காலத்தில் அங்கே கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. 1658இல் வந்த ஒல்லாந்தர் அதனைத் தம் சபைக்கு ஆக்கிக்கொண்டு, பின்னர் கனத்த சுவர்களுடன் பெரிதாகக் கட்டினர். போதகர் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலிலும் இவ்வாலயம் இடம்பெறுகின்றது.

ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரச உத்தியோகம் இல்லை என்பது ஒல்லாந்தர் காலத்து நிலை. பெயர்கள் தோம்பில் ஏறின, மனம் ஏறவில்லை. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும் சபை கரைந்தது. ஆலயத்தைப் பீரங்கி உடைக்கவில்லை. வருவார் இல்லாமையே உடைத்தது. முதலிற் போவது கூரைதான். ஓடு நழுவும், மாரித் தண்ணீர் இறங்கும், கறையான் ஏறும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தபோது அங்கே கூரையற்ற சுவர்களே நின்றன.

மெயிக்ஸ், றிச்சாட்ஸ் ஆகியோரின் காலத்தில் ஆலயம் மீண்டும் கூரை பெற்றது. 1823இல் செமினரி தொடங்கியது. 1824இல் உடுவிலில் எமது பாடசாலை. பெண்பிள்ளையை விடுதிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம் அது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணப்பவளுக்கு மிஷன் சிறு சீதனம் கொடுத்தது. சீதனமின்றிக் கலியாணம் இல்லாத ஊரில், நன்கு யோசித்தே அந்த ஏற்பாட்டைச் செய்திருக்கவேண்டும். கூரை போட்டவர்களின் பெயர்கள் நூல்களில் உண்டு. அதன் கீழ் குடும்பமாக வந்து அமர்ந்த பெண்களின் பெயர்களைத் தேடினால் சிலவே கிடைக்கும். அவற்றிலும் பல, அமெரிக்க உபகாரிகளின் பெயர்களை இரவலாகச் சூட்டியவை!

1855இல் செமினரி மூடப்பட்டபோதும் ஆலயம் வெறுமையாகவில்லை. 1947இல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் உருவாகி, சபாபதி குலேந்திரன் முதற் பேராயரானார். வட்டுக்கோட்டை ஆலயம் பேராலயமாயிற்று.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்ததை நம்மிற் பலர் மறக்கவில்லை. ஆலயச் சுற்றாடல் மீண்டும் ஆளரவமற்றுப் போனது. ஒல்லாந்தர் போனபின் இருபது ஆண்டு வெறுமை கண்ட சுவர்கள் அவை. இம்முறை அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் சனம் திரும்பத் தொடங்கியது. உத்தியோகத்துக்காக எவரும் வரவில்லை.