கருமணல் (ஆற்று இரும்புத் தாது)

மலைப்பாறையில் சிதறிக் கிடந்து, மழைநீர் அரித்து வந்து ஓடைகளில் சேர்க்கும் மாக்னடைட் மணிகளே கருமணல். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி வைப்பாற்றோடு கலக்கும் ஓடைகள் சார்னோகைட், நைஸ் பாறைகளை அரித்து வருபவை. இத்தகைய ஓடைகளில் வெள்ளம் வடிந்தபின் திருப்பங்களின் உள்வளைவில் கனமான மணல் கறுப்பாகத் தங்கும். மாக்னடைட்டின் அடர்த்தி 5.2, வெண்மணலுக்கு 2.65, ஆகவே அள்ளிய கையே முதலில் வேறுபாட்டைச் சொல்லிவிடும். காந்தத்தில் ஒட்டும், மெருகிடாத ஓட்டில் உரசினால் கறுப்புக் கோடு விழும். மற்றொரு இரும்புத் தாதுவான ஹெமடைட் செங்கோடு இடும். கட்டியாகக் கிடைப்பதெல்லாம் தாதுவல்ல. குமிழ்த்துளை கொண்டவை பழைய உலைகள் கழித்த கிட்டமாகவும் இருக்கலாம். சித்த மருத்துவம் காந்தம் எனும் தாதுவையும் மண்டூரமாகிய கிட்டத்தையும் தனித்தனிச் சரக்குகளாகவே கொள்கிறது.

அகழாய்வு நடந்த சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. மேலும் சான்று வேண்டும் என்பாரும் உண்டு. கொடுமணலில் இரும்பு உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஆனால் தாது எங்கிருந்து வந்தது என்பதை உலை மட்டும் சொல்லிவிடாது. எழுத்துச் சான்று பெருகுவது 1800க்குப் பிறகுதான். மைசூர்ச் சீமையில் மழைக்காலத்து ஓடைகள் கொண்டுவரும் கருமணலைத் திரட்டி உருக்கியதை 1800–01இல் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் பதிந்துள்ளார். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா ஹீத், மூன்று முதல் ஐந்தடி உயர மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, உருக்கு செய்ய மூசைக்குள் இரும்போடு வைத்த ஆவாரங்கட்டை, மேலே மூடிய பச்சை எருக்கிலை என ஒன்றையும் விடாமல் விவரித்தார். சேலத்து மலைத்தாதுவை இடித்துப் புடைத்தோ கழுவியோ குவார்ட்சை நீக்கியபின்தான் உலையில் இட்டார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. அந்த இடிப்பையும் கழுவலையும் ஓடை கூலியின்றிச் செய்து வைத்திருந்தது. சிற்றுலைக்காரருக்கு ஆறு மலைக்கு நிகரான தாதுக்களம் என்று கருத இதுவே வலுவான காரணம். பொடிமணல் உலையை அடைக்கும் என்ற மறுப்புக்குப் புக்கானன் கண்ட உலைகளே பதில். தமிழகத்தின் தென்பகுதியில் தோண்டிய தடயம் இல்லையே என்பது அடுத்த மறுப்பு. மலையில் வெட்டிய குழி நிற்கும், ஆற்றில் அள்ளிய பள்ளத்தை மறுவெள்ளம் மூடிவிடும். எனினும் தடயம் இல்லாமையைக் கொண்டு வைப்பாற்றுக் கரையில் உலை எரிந்தது என்று நிறுவவும் இயலாது.

சீமை இரும்பின் மலிவால் நாட்டு உலைகள் படிப்படியாக அணைந்தன. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையோரக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கும். அங்கே கல்லோ மணலோ எடுக்க இயலாது.