அவசர அழைப்பு மையம்

விபத்து, தீ, திடீர் நோய், குற்றம் எதுவானாலும் ஆபத்தில் இருப்பவர் நினைவில் நிற்கும் ஓர் எண்ணை அழைத்து உதவி பெற வழி செய்யும் அமைப்பே அவசர அழைப்பு மையம். இதன் வரலாற்றைப் பெரும்பாலும் எண்களின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள்: பிரிட்டனின் 999, அமெரிக்காவின் 911, நம்முடைய 108. எண்ணுக்கு உரிய மதிப்பை மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டில் மருத்துவ வண்டிக்கே ‘நூற்றியெட்டு’ என்று பெயராகிவிட்டது. ஆனாலும் இந்த மையங்கள் உயிர்களைக் காக்கத் தொடங்கிய விதத்தைப் பார்த்தால், மறுமுனையில் பேசுகிறவரின் வேலை மாறிய கதைதான் உண்மையான வரலாறு என்பது தெரியும். இணைப்பு கொடுப்பவராகத் தொடங்கிய அவர், படிப்படியாகச் சிகிச்சையின் முதல் கையாக ஆகியிருக்கிறார்.

1935 நவம்பர் 10 அன்று லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி, ஐந்து பெண்கள் இறந்தனர். அண்டை வீட்டுக்காரர் ஒருவர் தீயணைப்புப் படையை அழைக்க முயன்றபோது, தொலைபேசி இணைப்பகத்தின் வரிசையில் மற்ற அழைப்புகளோடு காத்திருக்க வேண்டியதாயிற்று. அதைப் பற்றி அவர் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார், அரசு விசாரித்தது, 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 நடைமுறைக்கு வந்தது. அந்த எண்ணைச் சுழற்றினால் இணைப்பகத்தில் ஒலிப்பான் அலறும், சிவப்பு விளக்கு எரியும். முதல் வாரத்திலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்தன. ஆனால் இணைப்பகத்தில் இருந்தவர் செய்தது ஒன்றுதான்: வரிசையைத் தாண்டி அழைப்பை முன்னே எடுத்து, காவல், தீயணைப்பு, மருத்துவ வண்டி இவற்றுள் வேண்டியதற்குத் திருப்பிவிட்டார்.

அமெரிக்காவில் 911 முதன்முதலில் ஒலித்தது பெருநகரத்தில் அல்ல. 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிற்றூரில், நகராட்சிக் கட்டடத்திலிருந்து மாநிலப் பேரவைத் தலைவர் ராங்கின் ஃபைட் அழைக்க, அதே ஊர்க் காவல் நிலையத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் டாம் பெவில் எடுத்துப் பேசினார். நாட்டுக்கெல்லாம் ஒரே எண், ஆனால் எடுப்பது அந்தந்த ஊர் என்ற ஏற்பாட்டுக்கு இதுவே தொடக்கம். இன்றும் அங்கே ஆயிரக்கணக்கான உள்ளூர் மையங்கள்தான் அந்த எண்ணுக்குப் பதில் சொல்கின்றன.

பெரிய திருப்பம் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்தது. 1970களின் இறுதியில் சால்ட் லேக் நகரத் தீயணைப்புத் துறையில் மருத்துவர் ஜெஃப் கிளாசன், அழைப்பவரிடம் என்ன கேட்க வேண்டும், பதிலுக்கேற்ப என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பதை அட்டைகளில் எழுதி ஊழியர்களுக்குக் கொடுத்தார். 1980களில் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டியில் மருத்துவர் மிக்கி ஐசன்பர்க்கும் அவருடைய குழுவினரும், இதயம் நின்றவரின் மார்பை எப்படி அழுத்துவது என்பதைத் தொலைபேசி வழியாகவே சொல்லிக் கொடுக்கும் முறையை வளர்த்தனர். இதயம் நின்றபின் மார்பழுத்தம் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏழு முதல் பத்து விழுக்காடு வரை குறைக்கிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. எவ்வளவு வேகமாக வந்தாலும் வண்டிக்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் நோயாளியிடம் போய்ச் சேரக்கூடியது தொலைபேசிக் குரல் ஒன்றுதான். மையத்தில் இருப்பவரை எழுத்தராகக் கருதுவது தவறு என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கியது. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. செலவை அரசு ஏற்கிறது, நிறுவனம் நடத்துகிறது, மக்களுக்குக் கட்டணம் இல்லை. பேறுகாலத் தாய்மார்களும் சாலை விபத்தில் அடிபட்டவர்களும் இதன் பயனாளிகளில் பெரும்பங்கினர். அழைப்பை ஏற்பவர் ஒருவர், வண்டியை அனுப்புபவர் இன்னொருவர். இவர்களுக்குப் பின்னால், ஓடும் வண்டிக்குள் இருக்கும் மருத்துவ உதவியாளருக்குத் தொலைபேசியிலேயே ஆலோசனை சொல்ல மருத்துவரும் மையத்தில் இருக்கிறார்.

இந்த முறைமீது இரண்டு குறைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. ‘உயிர் போகிறது என்றால் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள்’ என்பது ஒன்று. பதற்றத்தில் இருப்பவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் இடமும் நிலைமையும் தெரிந்ததும் வண்டியை அனுப்பும் வேலை தனியே நடக்கிறது. அதற்குப் பிறகும் தொடரும் கேள்விகள் வண்டியைத் தாமதப்படுத்துவதில்லை. மூச்சு இருக்கிறதா, ரத்தம் வடிகிறதா என்று கேட்பதே முதலுதவியின் தொடக்கம்.

மற்றொன்று இதைவிடக் கனமானது: சென்னையில் ஒரே அறையில் அமர்ந்திருப்பவருக்குத் தேனி மாவட்டத்து மலைக்கிராமம் எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். புதூர், புதுப்பட்டி என்ற பெயரில் மாவட்டந்தோறும் ஊர்கள் உண்டு. எந்தப் புதூர் என்று தெரியாமல் வண்டி நகர முடியாது. ஹேலிவில் முறையில் இந்தச் சிக்கல் எழாது. ஆனால் அங்குள்ள முறைக்கு அதன் குறையும் உண்டு: பக்கத்து ஊர் மையத்தின் எல்லைக்குள் விழும் அழைப்பைத் திருப்பிவிட நேரம் போகிறது. ஒரே மையமாக இருந்தால் மாவட்ட எல்லை பார்க்காமல் அருகில் நிற்கும் வண்டியை அனுப்பலாம். உள்ளூர் அறிவை வட்டாரங்களில் நிறுத்தப்படும் வண்டிகளின் ஓட்டுநர்கள் கொண்டுவருகிறார்கள். அழைத்தவரோடு அவர்களே நேரடியாகப் பேசி, கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் டீக்கடையையும் அடையாளமாகக் கேட்டு வந்து சேர்கிறார்கள். கைபேசி இருப்பிடத்தைத் தானாகக் காட்டுவது பெரிய துணைதான். என்றாலும் அலைவரிசை மெலிந்த மலைப்பகுதியிலும், அடுக்குமாடிக் கட்டடத்தில் எந்தத் தளம் என்பதிலும் அது தடுமாறுகிறது. அங்கெல்லாம் கேட்டறியும் மனிதரை நம்பியே இருக்கிறோம்.

இவ்வளவுக்குப் பிறகும் அழைப்பை ஏற்கும் அந்த மனிதருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. 2018இல் திருத்தப்பட்ட அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாடு, 911 ஊழியர்களை மருத்துவ உதவியாளர்களோடும் தீயணைப்போரோடும் வைக்காமல், அலுவலக உதவிப் பணியாளர் பிரிவிலேயே வைத்திருக்கிறது.